கொதிநீரில் போட்ட துணி

லண்டனில், டூட்டிங் போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்கு, மழையில் நனைந்த கம்பளி மணத்தோடு ஒருத்தி வந்து அமர்ந்தாள். எனக்கு உடனே எட்டு வயதாகிவிட்டது.

எண்பதுகளின் கடைசி. எங்கள் மேல்மாடியில் பொலிவியாக்காரி பவுலினா இருந்தாள். அவளுடைய தாய் அய்மரா இனத்தவரின் மலைக்கிராமத்தில் நூற்று நெய்த, வரிவரியான சிவப்புக் கம்பளித் துணியால் பவுலினா தன் மகளை முதுகில் கட்டிக்கொண்டு திரிவாள். பிறந்து இருபது நாளான என் தம்பிக்கு மூச்சு முட்டிய காலையில், அவள் அவிழ்த்துத் தந்த அந்தத் துணியில் அவனைச் சுற்றிக்கொண்டு அம்மா ஆஸ்பத்திரிக்கு ஓடினா. திரும்பி வந்தது துணி மட்டுந்தான்.

"சாவுத் துடக்குப் பட்ட துணி. தோய்க்காமல் குடுக்கேலாது" என்று அம்மா அதைக் கொதிநீரில் அமிழ்த்தினா. யாழ்ப்பாணத்தில் அவவுக்குப் பருத்தியைத்தான் தெரியும். சாயம் வாளியெல்லாம் பரவ, கம்பளி பாதியாய்ச் சுருங்கித் தடித்துப்போனது.

"பிழை விட்டிட்டன் எண்டு சொல்லு பிள்ளை" என்றா அம்மா. நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

பவுலினா துணியை விரித்து நெடுநேரம் தடவினாள். பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னாள்: "இப்ப இது உங்கட பிள்ளைக்குத்தான் அளவு."

அதில் சுற்றித்தான் தம்பியைப் புதைத்தோம். அதற்குப் பிறகு எந்தக் குளிரிலும் அம்மா கம்பளி போட்டதில்லை.

நான் எழுந்து பஸ் கதவடியில் போய் நின்றேன்.