ஈரச்சாக்கு அண்ணன்

என் மாமியார் மூச்சிரைப்பில் படுத்திருந்த வருடம் அது. பண்டிகை நெருங்கியதும் தெருவில் வெடிச்சத்தம் ஆரம்பித்துவிட்டது. புகை வந்தால் அத்தைக்கு நெஞ்சடைக்கும். ஜன்னலை மூடினால் காற்றில்லாமல் தவிப்பார். பண்டிகையன்று சாயங்காலம் நான் விசிறியும் கையுமாக உட்கார்ந்து, ஆண்டவனே, இந்த ஒரு பொழுதைத் தாண்ட விடு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே அத்தனை வெடி வெடித்தும் புகை உள்ளே வரவில்லை. காற்று மட்டும் ஈரமாக வந்தது. அத்தை நன்றாகத் தூங்கிப்போனார். காலையில் வாசல் கூட்டப் போனபோதுதான் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு கோணிச்சாக்கு இரண்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே சுவரோரம் தண்ணீர் சொட்டிச் சொட்டி மண்ணில் குழி விழுந்திருந்தது. ஒரு தடவை நனைத்துத் தொங்கவிட்டால் அப்படிக் குழி விழாது. யாரோ வந்து வந்து நனைத்திருக்கிறார்கள்.

யார் என்று கேட்கவே வேண்டாம். எங்கள் தெருவில் ஈரச்சாக்கோடு திரிகிறவர் ஒரே ஒருவர்தான். குழாயடியில் அவரைப் பார்த்து, "அண்ணே, நேத்து நீங்க செஞ்ச உபகாரத்துக்கு..." என்று ஆரம்பித்தேன். அவர் குடத்தை விட்டுத் தலையைத் தூக்காமல், "சாக்கு காயப்போட என் ரூம்ல எடமில்ல தங்கச்சி. அதான் உங்க ஜன்னல்ல போட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். சொட்டச் சொட்ட நனைத்த சாக்கைக் காயப்போட்டாராம்! அதற்குமேல் என்னைப் பேசவிடவில்லை.

தெருமுனை ஐஸ் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. அங்கே முதலாளியின் சட்டைகளை நான்தான் இஸ்திரி போடுவேன். கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் அவர் வேலையைப் பார்த்திருக்கிறேன். உயரமான தகரப் பெட்டிகளில் தண்ணீர் நிரப்பி உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிடுவார்கள். உறைந்ததும் சங்கிலி போட்டுத் தூக்கி, சாதாரணத் தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்குவார்கள். அப்போது ஐஸ் பெட்டியை விட்டுக் கழன்றுகொள்ளும். கழலும் முன் கவிழ்த்தால் கட்டி உடைந்துவிடும். அதனால் இவர் விரலை மடக்கிப் பெட்டியில் இரண்டு தட்டுத் தட்டுவார். குனிந்து காதை வைத்துக் கேட்பார். "வந்துருச்சு" என்பார். கவிழ்த்தால் கட்டி முழுசாக வழுக்கிக்கொண்டு வரும். ஒரு தடவைகூடத் தப்பிப் பார்த்ததில்லை.

அவருடைய கை எந்நேரமும் சில்லென்று இருக்கும். காய்ச்சல் வந்த பிள்ளையின் நெற்றியில் வைக்கச் சொல்லித் தாய்மார்கள் அவரைக் கூப்பிடுவார்கள். மற்ற நாட்களில் அந்தக் கைக்கு அவ்வளவு மரியாதை. பண்டிகை வந்தால்தான் கேலி.

எங்கள் வரிசையில் ஏழு அறைகள். கடைசி அறை அவருடையது. கயிற்றுக் கட்டில், ஸ்டவ், ஒரு தட்டு, ஒரு டம்ளர். இரண்டாவது தட்டு இல்லாத வீட்டை நான் அங்கேதான் பார்த்தேன். மனைவி காலமாகிப் பல வருடம். ஒரே மகள் தூரத்து ஊரில் கல்யாணமாகி இருந்தாள். பேத்தி ஒன்று உண்டு என்பார். அவர்கள் இங்கே வந்து நான் பார்த்ததில்லை. இவர் அங்கே போனதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பண்டிகைக்கும் லீவு கேட்டு வாங்குவார். ஒரு நீலப் பையில் துணியை அடுக்கிக் கட்டில் மேல் வைப்பார். "போயிட்டு வாங்கண்ணே, பொண்ணு எதிர்பார்ப்பா" என்பேன். "ஆமா ஆமா" என்பார். மறுநாள் பார்த்தால் பை கட்டிலுக்கடியில் இருக்கும். "நான் போயிட்டா தெருவ யார் பாப்பாங்க?" என்பார்.

தெருவைப் பார்ப்பது என்றால், பண்டிகை மூன்று நாளும் பொழுது சாய்ந்ததும் ஏழு வாசலிலும் ஒரு வாளித் தண்ணீர், பக்கத்தில் ஒரு டப்பா மணல் வைப்பது. பிறகு தொழிற்சாலைக் கோணியை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு முனைக்கு முனை நடப்பது. அவர் வாளி வைக்கிற பக்தியோடு நான் சாமிகூடக் கும்பிட்டதில்லை.

"பாப்பா, துப்பட்டாவ வீட்ல வச்சிட்டு வா. நீ அழகா இருக்கியான்னு வெடிக்குத் தெரியாது."

"ஏன்டா தம்பி, பாக்கெட்ல என்ன?"

"ஒண்ணுமில்லயே."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்ளோ வீக்கம்? எடுத்துக் கீழ வை. வெடிய இடுப்புல கட்டிக்கிட்டுத் திரியறான் பாரு."

"ஈரச்சாக்கு வருது, அடுப்பக்கூட அணைங்கடா!" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும். மூன்றாவது அறையில் இருந்த வெல்டர்தான் கேலியில் முதல் ஆள்.

"அண்ணே, என் பொழப்பே தீப்பொறியிலதான். நாளைக்கு வேலைக்குப் போறப்ப வாளியத் தூக்கிக்கிட்டு நீங்களும் வரீங்களா?"

"கூப்பிடு, வரேன். வேலைக்குப் போட்ற கண்ணாடிய இங்கயும் போட்டுக்கோன்னுதானே சொல்றேன். வீட்டுக்கு வந்தா மட்டும் கண்ணு இரும்பாயிடுதா ஒனக்கு?"

வெல்டர் சிரிப்பான். ஆனால் மறுநிமிடம் ராக்கெட்டைக் கையிலிருந்து இறக்கிப் பாட்டிலில் வைத்து விடுவான்.

வெடிக்காமல் போனவற்றின் மேல்தான் அவருக்குப் பயம் அதிகம். "அது செத்துப்போச்சுன்னு நெனைக்காதீங்க. கிட்ட போகாதீங்க. தண்ணிய ஊத்திட்டு விட்டுடுங்க" என்பார். மறுநாள் காலையில் நாங்கள் எழும் முன்பே இடுக்கியோடு வந்து, தெருவில் கிடக்கும் வெடிக்காதவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளித் தண்ணீரில் ஊறப்போடுவார். கூட யாரும் நிற்கமாட்டார்கள். எனக்கும் அந்த நாளில் துணி மலையாகக் குவிந்து கிடக்கும். ஒரு நாள் கூடப் போய் நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

அவர் இங்கிருந்த கடைசிப் பண்டிகையின் இரண்டாம் நாள் அது. வெல்டர் தன் வாசலில் ஒரு பெரிய புஸ்வாணத்தைப் பற்றவைத்தான். கொஞ்சம் பொறி வந்தது. பிறகு அடங்கிவிட்டது. எல்லோரும் "போச்சுடா" என்று சிரித்தார்கள். வெல்டரின் மகள், ஏழு வயது, புதுச் சட்டை போட்டிருந்தாள். என்ன ஆயிற்று என்று பார்க்க மெதுவாகப் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

தெரு முனையில் நின்றவர் எப்படி அங்கே வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. "தொடாத!" என்று ஒரு கத்தல். அந்தச் சாந்தமான மனிதரிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை நாங்கள் யாரும் கேட்டதில்லை. பிள்ளையைத் தோளைப் பிடித்து இழுத்த வேகத்தில் அது தூரப் போய் விழுந்தது. சாக்கை வீசிப் புஸ்வாணத்தை மூடினார். வாளியைத் தூக்கிக் கவிழ்த்தார். பாதித் தண்ணீர் பிள்ளையின் மேல். முழங்கால் சிராய்த்து, புதுச் சட்டை சேறாகி, அது வீறிட்டு அழுதது.

வெல்டரின் மனைவி ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினாள். "பைத்தியமா உங்களுக்கு? பச்சப் புள்ளய இப்படியா தள்ளுவீங்க?"

"இல்லம்மா, அது வெடிச்சிருந்தா..."

"எங்க வெடிச்சுது? வெடிச்சுதா? சொல்லுங்க. வருஷா வருஷம் பொறுத்துக்கிட்டுப் போறோம். எங்க புள்ளய எங்களுக்குப் பாத்துக்கத் தெரியும். உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்காளாமே, அவளப் போய்க் காப்பாத்துங்க."

வெல்டர், "ஏய், விடு" என்று அவளை உள்ளே அழைத்துப்போனான். தெரு கலைந்துவிட்டது. அவர் மட்டும் அந்தச் சாக்குப் பக்கத்தில் நின்றார். அரைமணி நேரம் பொறுத்து, இடுக்கியால் புஸ்வாணத்தை எடுத்து வாளியில் போட்டார். அது புஸ் என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு பொறியாவது வந்திருந்தால் தேவலை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக ஆண்டவனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை நான் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு விசிறிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு வெள்ளைச் சட்டை. அவர் இஸ்திரிக்குத் துணி கொடுத்ததே இல்லை.

"எங்கண்ணே, விசேஷமா?"

"ஊருக்குப் போறேன் தங்கச்சி. பொண்ணு வீட்டுக்கு."

நான் சட்டையை விரித்துத் தண்ணீர் தெளித்தேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"என் பொண்ணுக்கு ஒரு பக்கம் காது கேக்காது. அந்தப் பக்கக் கண்ணும் போச்சு. உங்ககிட்ட சொன்னதில்ல."

என் கை நின்றுவிட்டது. "எப்படிண்ணே?"

"ஏழு வயசு அவளுக்கு. அவ அம்மா சோறு கொடுத்தனுப்புவா. தூக்கிக்கிட்டு ஐஸ் கம்பெனிக்கு வருவா. நான் பெட்டியத் தட்டறத பாத்துக்கிட்டே நிப்பா. அவளும் தட்டுவா, காத வைப்பா, 'வந்துருச்சுப்பா'ன்னு கத்துவா. எல்லாரும் சிரிப்போம். அந்தப் பண்டிகைக்குப் புஸ்வாணம் ஒண்ணு வச்சேன். நேத்து மாதிரியேதான். அடங்கிப்போச்சு. நான் வெளையாட்டுக்கு, 'தட்டிப் பாரும்மா, வந்துருச்சான்னு கேளு'ன்னேன்."

கரி வெடித்து ஒரு பொறி தரையில் விழுந்தது. அவர் உடனே அதைச் செருப்பால் மிதித்தார்.

"தட்டினா. ரெண்டு தட்டு. காத வச்சா."

நான் இஸ்திரிப் பெட்டியை எடுத்துச் சட்டையின் காலரில் அழுத்தினேன். பிறகு நான், "தெரியாம சொன்னதுதானேண்ணே. உங்க மகளும் அத மன்னிச்சிருப்பா" என்றேன்.

"மன்னிக்கணும்னா தெரியணுமே! நான் சொன்னது அவளுக்கு ஞாபகமில்ல. தட்டினது மட்டும்தான் ஞாபகம். அவ அம்மா அப்ப உள்ள இருந்தா, அவளுக்கும் தெரியாது. 'ஏன்டி போய்த் தட்டின, ஏன்டி'ன்னு சாகற வரைக்கும் கேட்டா. நான் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். வாயத் தொறக்கல."

முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போன் பண்ணா, எடுத்ததும் சோத்துக்கைப் பழக்கத்துல அந்தப் பக்கக் காதுல வச்சிடுவா. அப்புறம் மாத்துவா. மாத்துற சத்தம் கேக்கும். ஒவ்வொரு தடவையும் அது முடிஞ்சப்புறம்தான் அப்பான்னு கூப்பிடுவா. வருஷா வருஷம் வாங்கப்பா, வாங்கப்பாங்கறா. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? நேத்து தெருவுல அந்தம்மா கேட்ட கேள்விக்கப்புறம் மனசு கேக்காம போன் பண்ணேன். பேத்தி என்னமோ வெடி கேட்டு அழுவுறா. இவ சொல்றா, 'உங்கம்மா மாதிரி முட்டாளா இருக்காத, போய்த் தட்டிக்கிட்டு நிக்காத'ன்னு. இருவத்தெட்டு வருஷமா எம்பொண்ணு தன்னை முட்டாள்னு நெனச்சுக்கிட்டு இருக்கா தங்கச்சி. அப்படி நெனைக்க விட்டவன் நான்."

சட்டையை மடித்துக் கொடுத்தேன். சூடு ஆறாத சட்டையை அங்கேயே போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் இன்னும் பாக்கி இருந்தது. "தெருவ யார் பாப்பாங்க?" என்று அன்று அவர் கேட்கவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. மகளின் ஊர் பெயர்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதம் கழித்துத் தொழிற்சாலைக்காரர்கள் ஏழாவது அறையைத் திறந்து கட்டிலையும் ஸ்டவ்வையும் எடுத்துப்போனார்கள். இப்போது அங்கே வேறு குடும்பம், நிறைய தட்டுகள். திரும்பி வரவேண்டியவராக இருந்தால் வந்திருப்பார், வராததே நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டு தினமும் அவருக்காகக் கும்பிடுகிறேன். சில நாள் அப்படி நம்ப முடிகிறது. சில நாள் முடிவதில்லை. பண்டிகைச் சாயங்காலங்களில் தெருமுனையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன்.

அவர் கிளம்பிய அன்று நானும் அவரோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். தெருவெல்லாம் வெடிக் காகிதம். வழியில் வெடிக்காமல் கிடந்த ஒன்றைக் கண்டு நின்றார், குனிந்து பார்க்காமல், பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி அதன்மேல் ஊற்றிவிட்டு வந்தார். "அங்க போய் என்ன சொல்லப் போறீங்கண்ணே?" என்று கேட்டேன். பஸ் வந்தது. ஏறிப் படியில் நின்றுகொண்டு, கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"பேத்தியையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுத்தான் சொல்லணும். உங்கம்மா முட்டாள் இல்லடி, அப்பன் சொன்ன பேச்சக் கேட்டா, அவ்வளவுதான்னு. அதுக்கப்புறம் அவ இருங்கப்பான்னா இருப்பேன். போங்கன்னா அடுத்த பஸ்ஸுக்கு வந்துடுவேன். ஒரு நாளைக்குத்தான் துணி எடுத்திருக்கேன் தங்கச்சி."