சுருக்கம் விழும் விரிப்பு

கல்யாணமாகிப் போத்தனூருக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக் கட்டிலில் விரித்ததெல்லாம் என் நாத்தனார் எடுத்துக் கொடுத்த விரிப்புதான். அவர் என் கணவரின் அக்கா. வெள்ளகோவிலில் தறி வைத்திருக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். துணி என்று வந்துவிட்டால் அவர் வைத்ததுதான் சட்டம். கடைக்கு நானும் கூடப் போவேன், பை தூக்க. எல்லாம் அன்பாகத்தான் செய்தார். அதுதான் எனக்கு எரிச்சல், சண்டை போடக்கூட வழியில்லை.

போன வருடம் மகளுக்குக் கல்யாணம் முடிந்து, சம்பந்தி வீட்டார் முதல் தடவையாக எங்கள் வீட்டில் தங்க வருவதாகச் சொன்னார்கள். இந்தத் தடவை விரிப்பை நான்தான் எடுப்பேன் என்று முடிவு செய்தேன். கடைக்குக் கிளம்பினால் நாத்தனாரும் கிளம்பிவிடுவார். அதனால் போனிலேயே வாங்குவது என்று உட்கார்ந்தேன். என் கணவர் அன்றைக்கே அக்காவிடம் உளறிவிட்டார். உடனே அழைப்பு வந்தது.

“தொட்டுப் பாக்காம துணி எடுக்கறவங்கள இப்பத்தான் அம்மணி பாக்கறேன். ஏமாந்துபோட்டு நிக்காத. எதுக்கும் நான் நாலு விரிப்பு கொண்டாரேன்.”

சரிங்க என்று வைத்துவிட்டேன். இதில் ஏமாந்தால் ஆயுசுக்கும் என் வீட்டில் ஒரு தலையணை உறைகூட நான் எடுக்க முடியாது.

விற்பவன் எந்த நாட்டுக்காரனோ, பக்கத்தைத் திறந்தால் தமிழ் மாதிரி ஒரு தமிழ். ‘படுக்கைத் தாள், ராஜா அளவு, இரண்டு தலையணைப் போலிகளுடன்’ என்றிருந்தது. போலி என்று அவனே சொல்லிவிட்டு விற்கிறானே, நல்ல மனுஷன் என்று நினைத்தேன். அடுத்தது, ‘முழுவதும் சுவாசிக்கும். தாழ்வாக உருண்டு காயவும்.’ அதற்குக் கீழே, ‘ஆறுதல் அளிப்பவர் தனியாக விற்கப்படுவார்.’ அந்த நேரத்தில் எனக்கு அவர்தான் தேவைப்பட்டார்.

ஆங்கிலத்துக்கு மாற்றினேன். அதுவும் வேறு ஏதோ மொழியிலிருந்து தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்த ஆங்கிலம். பருத்தியா, பாலியஸ்டரா? என் ஒரே கேள்வி அதுதான். எங்கே தேடினாலும் ‘பருத்தி உணர்வு’ என்றே பதில். துணியில் பருத்தி இருக்கிறதா என்று கேட்டால் உணர்வு இருக்கிறது என்கிறான். கோபத்தில் போனைக் கட்டில்மேல் வீசினேன்.

“அக்கா கொண்டுவர்றதயே விரிச்சுக்கலாமே” என்றார் என் கணவர்.

அவர் அப்படிச் சொல்லாமலிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். போனை மறுபடி எடுத்தேன்.

நான் திருப்பூரில் பிறந்தவள். அங்கே துணியை எடை போட்டுத்தான் பேசுவார்கள். பார்க்க எப்படி மினுமினுத்தாலும் தராசில் வைத்தால் சாயம் வெளுத்துவிடும். இந்தப் பக்கத்திலும் எந்த மொழிக்கு மாற்றினாலும் நீளம், அகலம், எடை மூன்று மட்டும் மாறவில்லை. ஒரே அளவு விரிப்புகளின் எடையை ஒப்பிட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் வெறும் காற்று. கனமாக இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டேன்.

பிறகு விற்கிறவன் பேச்சை விட்டுவிட்டு, வாங்கினவர்கள் திட்டியிருந்ததைப் படித்தேன். திட்டு எந்த மொழியிலிருந்து வந்தாலும் புரிகிறது. ஒரு விரிப்புக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்து ஒருவர் புலம்பியிருந்தார்: துவைத்தால் சுருக்கம் விழுகிறது, இஸ்திரி போடாமல் விரிக்க முடியவில்லை, ஈரத்தில் தூக்கினால் கை வலிக்கிறது, காயவும் நேரமாகிறது. போட்டிருந்த படத்தில் துணி கசங்கிக் கிடந்தது. எனக்கு அந்த ஆளைக் கும்பிடத் தோன்றியது. பாலியஸ்டர் இப்படிக் கசங்குமா? எலுமிச்சை மஞ்சளில் இரண்டு வாங்கினேன்.

பார்சல் வந்ததும் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். குளுகுளுவென்று இருந்தது. பருத்திதானா என்று நூலை எரித்துப் பார்க்கவில்லை. அது யார் வேலை என்று எனக்குத் தெரியும்.

சம்பந்தி வீட்டார் வந்த அன்று நாத்தனாரும் பையோடு வந்தார். நேராகப் படுக்கையறைக்குப் போய் விரிப்பை இரண்டு விரலால் தேய்த்தார். புரட்டிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு நூலை உருவிக்கொண்டு அடுப்படிக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். காபிக்குப் பால் வைத்திருந்த அடுப்பில் நூலைக் காட்டினார். பாலியஸ்டர் போல உருகி மணிமணியாகத் திரளவில்லை. பொசுக்கென்று எரிந்து, காகிதம் கருகிய வாசனையோடு பொடிச் சாம்பலாக உதிர்ந்தது. நாத்தனார் அந்தச் சாம்பலை விரலில் நசுக்கிப் பார்த்தார்.

அடுப்படி வாசலில் சம்பந்தியம்மா நின்றிருந்தார். இவர்தான் துணி தெரிந்தவர் என்று கேள்விப்பட்டிருப்பார் போல. நாத்தனாரைப் பார்த்துத்தான் கேட்டார்.

“ஏனுங்க, விரிப்பு நல்லாருக்குதுங்க. எங்க எடுத்தீங்க?”

நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டார்.

“நான் எடுக்கலீங்க. இது இவ ஊடு, இவ எடுத்தது. துணி பாக்கத் தெரிஞ்சவ. இவளையே கேளுங்க.”

எனக்கு வந்த சந்தோஷத்தை நான் மறைக்கவேயில்லை. சம்பந்தியம்மாவைக் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்கார வைத்து, போனை எடுத்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். எல்லோருடைய காபியும் ஆறிப்போனது. நான் நிறுத்தவில்லை.