அமரவிளையில் இறங்கிய சத்தியபாய்

சத்தியபாய்க்கு இடது காது மந்தமானது இஞ்சிவிளைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான். அவள் புருஷன் ஞானசிகாமணி மைக் செட் வைத்திருந்தார். பாறசாலை சுற்றுவட்டாரத்தில் சபை கன்வென்ஷன், கோயில் உற்சவம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் கட்டுவார்கள். தனியாகக் கடை கிடையாது. வீட்டின் முன்னறைதான் கடை. பழுதுபார்ப்பதும் பாட்டுப் போட்டுச் சோதிப்பதும் அங்கேயே நடக்கும். அதற்கு அடுத்த அறை அவள் படுக்கும் அறை, இடையில் ஒரு செங்கல் சுவர்.

காது இரைகிறது என்று முதலில் சொன்னபோது எண்ணெய் காய்ச்சி விடச் சொன்னார். நெய்யாற்றின்கரையில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, சத்தம்தான் காரணமாம் என்றாள். அப்படியானால் முதலில் என் காதல்லவா போயிருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு அவர் ஆம்பிளிஃபயரைத் திருகினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே அவர் குரல் உயரும்.

தொண்ணூற்றாறில் சட்டசபை, பாராளுமன்றம் என்று இரண்டு தேர்தல்களும் ஒன்றாக வந்தன. ஜீப்பில் போடுவதற்கான அறிவிப்புகளை முன்னறையிலேயே பதிவு செய்தார்கள். வேட்பாளரின் பெயரை விடிந்ததிலிருந்து ஒருவன் கத்திக்கொண்டே இருந்தான். முடிவு வந்தபின் வெற்றிக் கொண்டாட்டம் தொடங்கியது. மழைக்காலம் பிறந்ததும் சத்தியபாய் ஒரு பையில் துணிகளை எடுத்து வைத்தாள். தம்பியிடம் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். அவன் வாசலை மிதித்தால் இந்த வாசலுக்குத் திரும்பி வராதே என்றார் ஞானசிகாமணி.

அவருக்கும் அவள் தம்பி சுந்தரதாஸுக்கும் பேச்சு அற்றுப் போய்ப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. அவள் அப்பாவின் அடக்கத்தன்று ஞானசிகாமணி முற்றத்துத் தென்னையில் குழாயைக் கட்டி, ஊருக்கே கேட்கும்படி ஞானப்பாட்டுப் போட்டார். சுந்தரதாஸ் எழுந்து வந்து வயரைப் பிடுங்கினான். சவப்பெட்டியின் முன்னாலேயே இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

சுந்தரதாஸ் கோவளத்தில் ஓட்டலில் வேலை பார்த்தவன். வெள்ளைக்காரர்களுக்கு எது பிடிக்கும் என்பது தனக்கு அத்துப்படி என்பான். அம்பூரிக்கு அப்பால், நெய்யாறு அணைத் தண்ணீருக்கு மறுகரையில், காட்டை ஒட்டிக் கிடந்த பழைய தோட்டம் ஒன்றை வாங்கி மூங்கிலில் நான்கு குடில்கள் கட்டியிருந்தான். கரண்டு இல்லை. போன் இல்லை. வண்டி போக வழி இல்லை. வள்ளத்தில்தான் போக வேண்டும். அந்த இல்லாமைக்காகவே ஜெர்மனியிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் ஆட்கள் வந்து தங்கினார்கள்.

முதல் வாரம் சத்தியபாய் தூங்கினாள். மரங்களின் மேல் மழை விழுந்துகொண்டே இருந்தது. வலது காதில் அது நன்றாகக் கேட்டது. இடது காதில் இரைச்சல் மட்டும் நிற்கவில்லை.

பிறகு சமையல்காரன் போய்விட்டான். அவனாகப் போனானா, சுந்தரதாஸ் அனுப்பினானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அக்கா இருக்கிறாளே என்று தம்பி விறகடுப்பைக் காட்டினான். விறகெல்லாம் ஈரம். புகையில் கண்ணைத் திறக்க முடியாது. ஓடைக்குப் போய் வந்தால் கணுக்கால் முழுக்க அட்டை. மேற்கூரையின் ஓலையிலிருந்து சோற்றுப் பானைக்குள் புழு விழும். ஆனால் அதைவிடத் தம்பியின் கண்ணுக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள். பிளாஸ்டிக் வாளியை விருந்தினர் பார்க்கும்படி வைக்கக்கூடாது. நைட்டி போடக்கூடாது, முண்டும் சட்டையும்தான். வெளிச்சத்துக்கு எண்ணெய் விளக்கைத் தவிர எதையும் ஏற்றக்கூடாது.

ஒருநாள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, கறி இன்னும் வேண்டுமா என்று அவள் அடுக்களையிலிருந்து கேட்டாள். சுந்தரதாஸ் விருந்தினர் முன்னாலேயே எழுந்து வந்தான்.

"அக்கா, தாழ்த்திப் பேசு. இஞ்ச வாறவங்க சத்தமில்லாம இருக்கத்தான் வாறாங்க. நீ சந்தையில நிக்குத மாதிரி கத்துனா எப்பிடி?"

"எனக்குக் காது கேக்காதுலே தாஸு. நான் பேசுதது எனக்கே கேக்கல்ல."

"அப்பம் பேசாண்டாம்."

ஒரு வெள்ளைக்காரி தலையைக் குனிந்துகொண்டு தட்டைப் பார்த்தாள். சத்தியபாய் அதற்குப் பிறகு அங்கே தேவைக்கு மட்டும் பேசினாள். திரும்பிப் போகலாம் என்று நினைக்கும்போது முன்னறை ஞாபகம் வரும். இருந்துவிடலாம் என்று நினைக்கும்போது தம்பி கூப்பிடுவான்.

ஓணத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஞானசிகாமணி வந்தார். இரண்டு நாளாகப் பேய்மழை. தண்ணீர் கலங்கி ஏறியிருந்ததால் வள்ளக்காரன் கடத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஞானசிகாமணி திரும்பிப் போகவில்லை. அக்கரையில் நின்றபடியே பையிலிருந்து பாட்டரியில் ஓடும் கை மைக்கை எடுத்தார். ஆள்களை ஒழுங்குபடுத்த ஊர்வலத்தில் பிடிப்பாரே, அது.

"சத்தியபாய், நான் ஞானசிகாமணியாக்கும். துணிய எடுத்துட்டு வா. வீட்டுல சோறு பொங்க ஆளில்ல."

காடு முழுக்க அது கேட்டது. கறுப்புக் குரங்குகள் மேலே கிளைக்குக் கிளை தாவி ஓடின. விருந்தினர்கள் குடில்களிலிருந்து வெளியே வந்தார்கள். சத்தியபாய் கையில் அகப்பையோடு நின்றாள். வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது அந்தப் பேச்சுதான்.

சுந்தரதாஸ் கரைக்கு ஓடிப்போய்க் கத்தினான். அவன் கையில் மைக் இல்லாததால் மறுகரையில் என்ன கேட்டிருக்குமோ. ஞானசிகாமணி மட்டும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"மாமன அப்பனாட்டம் நெனச்சு பாட்டுப் போட்டேன். பொணத்துக்கு முன்னால வயரப் பிடுங்கினவன் நீயாக்கும். எனக்க பெண்டாட்டிய வேலைக்காரி ஆக்கினவனும் நீயாக்கும்."

பாட்டரி தீரும்வரை அது நடந்தது. பிரான்ஸிலிருந்து வந்த தம்பதி பெட்டியைக் கட்டத் தொடங்கினார்கள். சுந்தரதாஸ் நனைந்துபோய் அடுக்களைக்கு வந்து, அந்த ஆளைப் போகச் சொல், இல்லையென்றால் நீயும் போ என்றான். அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

காலையில் தண்ணீர் வடிந்ததும் முதல் வள்ளத்தில் ஏறினாள். தம்பி கரைக்கு வரவில்லை. மறுகரையில் டீக்கடை பெஞ்சில் படுத்துக் கிடந்த ஞானசிகாமணி எழுந்து, ஜெயித்தவர் மாதிரி முன்னே நடந்தார். வெள்ளறடையிலிருந்து பஸ் ஏறினார்கள். வழி நெடுக அவர் அவள் தம்பியைத் திட்டினார். அவள் தன் இடது காது அவர் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அமரவிளையில் இறங்கி வண்டி மாற வேண்டும். பாறசாலை பஸ் வந்தது. அவர் ஏறக் காலை வைத்துவிட்டுத் திரும்பினார். அவள் அசையவில்லை.

"எட்டீ, ஏறு."

"நீங்க போங்க. நான் வரல்ல."

"பின்ன எங்க போவ? காட்டுக்கா?"

"அவனுக்கும் பொங்க மாட்டேன். ஒங்களுக்கும் பொங்க மாட்டேன்."

அவர் அவளுடைய பையைப் பிடுங்கி ரோட்டில் எறிந்தார். சேலைகள் சேற்றில் விழுந்தன. பஸ்ஸிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் ஏறிப் போய்விட்டார்.

செக்போஸ்ட் பக்கத்தில் சுகுமாரி டீக்கடை வைத்திருந்தாள். சின்ன வயதில் சத்தியபாயோடு தையல் படித்தவள், புருஷன் இறந்தவள். சேறு படிந்த சேலைகளைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தவளை அவள் ஒன்றும் கேட்காமல் பின்னறையில் இருக்கச் சொன்னாள். அடுத்த வாரம் சத்தியபாய் பொங்க, கடையில் மத்தியானச் சோறும் தொடங்கியது. லாரிக்காரர்கள் வரிசையாக நின்று சாப்பிட்டார்கள்.

மகள் சுமி புருஷன் வீட்டிலிருந்து வந்து சண்டை போட்டாள். அப்பாவின் மானத்தை வாங்கிவிட்டாய் என்றாள். சத்தம் ஆகாது என்று இறங்கி வந்தவள் ராப்பகலாய் லாரி உறுமும் இடத்தில் உட்கார்ந்திருப்பது என்ன நியாயம் என்று கேட்டாள்.

"லாரி எனக்க பேரைச் சொல்லிக் கூப்பிடாதுல்லா, மக்கா," என்றாள் சத்தியபாய்.

சுமி தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள். சபைப் போதகர் ஒருமுறை சமாதானம் பேச வந்தார். மைக் செட்டை வீட்டிலிருந்து மாற்றினால் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். இஞ்சிவிளையிலிருந்து பதில் வரவில்லை.

பதில் வராததற்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது. சமைக்க ஆளில்லாமல் திண்டாடிய சுந்தரதாஸ், அக்காவைப் பற்றி முறையிட இஞ்சிவிளைக்கே போயிருந்தான். அத்தானும் மச்சானும் அந்தி மயங்கும்வரை முன்னறையில் உட்கார்ந்து அவளைக் குறை சொன்னார்கள். அதிலிருந்து இருவரும் போக வர இருந்தார்கள்.

தொண்ணூற்றெட்டில் சுமியின் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஊருக்குப் பயந்துதான் அம்மாவையும் கூப்பிட்டார்கள். விருந்துப் பந்தலில் ஞானசிகாமணியும் சுந்தரதாஸும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி அத்தானுக்கு இறைச்சி எடுத்து வைத்தான். இருவரும் அவளை ஒரே நேரத்தில் பார்த்துவிட்டு, ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சத்தியபாய் எதிர் வரிசையில் இடம் பார்த்து உட்கார்ந்தாள். வயிறு நிறையச் சாப்பிட்டாள். குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு, மாலைக் கடைக்கு நேரமாகிறது என்று மருமகனிடம் மட்டும் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினாள்.