பன்னிரண்டு நின்ற பக்கம்

பல்செட்காரர் என்று தெருவே கூப்பிடும் அந்த மனிதர் பல்செட் செய்வதை விட்டு ஆறு வருடமாகிறது. பெயர் மட்டும் விடவில்லை. இப்போது அவர் செய்வது, நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் செய்த பாக்கெட் வாட்சுகளைக் கையில் கட்டும்படி மாற்றுவது. அவர் கையில் வாட்ச் கிடையாது. மணி என்னவென்று மனைவியைத்தான் கேட்பார்.

நன்றி சொல்வதில் அவருக்கு நிதானமே இல்லை. இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த பல் ஆய்வகத்தில் ஒரு மெஷின் வந்து இறங்கியது. மூன்று பேர் வேலையை அது ஒன்றே சத்தமில்லாமல் செய்து தள்ள, அந்த மூன்று பேரில் இவரும் ஒருவர். வீட்டுக்கு வந்து மெஷினைத் திட்டித் தீர்ப்பார் என்று பார்த்தால், "நல்லவேளை, கண்ணு நல்லா இருக்கும்போதே அனுப்பிட்டாங்க" என்றார். பழைய வாட்சுகளின் தங்கக் கூட்டைக் கழற்றி உருக்கி விற்பவர்களுக்கும் அவர் நன்றியில் பங்கு உண்டு. அவர்கள் கூட்டுக்கு ஆசைப்பட்டு, உள்ளே ஓடுகிற உயிரைக் குப்பையாகத் தள்ளிவிடுவதால்தானே அது இவருக்குக் கிடைக்கிறது. அவர் மனைவி கணக்கு டீச்சர். "நம்ம வீட்டுக்குத் திருடன் வந்தா, அலமாரியைக் காலி பண்ணிக் குடுத்ததுக்கு இவரு தேங்க்ஸ் சொல்லி அனுப்புவாரு" என்பது டீச்சரின் கட்சி.

வேலை நடப்பது துணி துவைக்கும் அறையில். பல்லுக்குச் செய்ததையேதான் வாட்சுக்கும் செய்தார். கூட்டை மெழுகில் இழைத்து, சுற்றிலும் சாந்து ஊற்றி, சூட்டில் மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது. முதுகுக்குக் கண்ணாடி போடுவார். அதன் வழியாகப் பார்த்தால், முகம் தெரியாத தொழிலாளி யாரோ உள்தகட்டில் போட்ட அலைக்கோலம் மின்னும். மூடி போட்டு மறையப்போகிற இடத்தில் இவ்வளவு மெனக்கெட்டவனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் காலையில் விளக்கைப் போடுவார்.

இப்படி ஒன்பது வாட்ச். எல்லாம் கூடு பறிபோன அநாதைகள். கெட்டுப்போனால் கேட்க ஆளில்லை. பத்தாவதோடு ஆள் வந்தது.

அந்தப் பெண் நகரப் பேருந்து ஓட்டுபவர். வாட்ச் அவருடைய சித்தப்பாவினுடையது. சித்தப்பா கப்பலில் சமையல்காரராக இருந்தபோது ஏதோ துறைமுகத்தில் வாங்கி, சாகும்வரை சட்டைப்பையில் வைத்திருந்தது. பதினோரு வருடமாக இழுப்பறையில் கிடந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த கையால் பையைத் துழாவ முடியாது, கையில் கட்டினால் தினமும் கூடவே இருக்கும் என்றார். கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்.

"என்ன வேணா பண்ணுங்க சார். மூஞ்சி மட்டும் மாறக் கூடாது."

மூஞ்சி என்றது டயலை. ஏழுக்குப் பக்கத்தில் மயிரிழை விரிசலோடு இருந்த வெள்ளை எனாமல் டயல். பல்செட்காரர் அதை முதல் காரியமாகக் கழற்றி, பஞ்சில் சுற்றி, சோப்பு டப்பாவில் பத்திரப்படுத்தினார். இது கெட்டால் இனி அடுத்தவர் பொருளைத் தொடுவதில்லை என்று மனைவியிடமும் சொல்லிவைத்தார். தப்பு அந்தப் பத்திரத்தில்தான் ஆரம்பித்தது.

பாக்கெட் வாட்சில் இரண்டு ஜாதி. மூடி உள்ளதில், சாவி கொடுக்கும் திருகு மூன்றுக்குப் பக்கத்தில் இருக்கும். மூடி இல்லாததில் பன்னிரண்டின் தலைமேல். முன்பு செய்த ஒன்பதும் மூடி ஜாதி. இது மற்றது. ஆனால் உள்ளே ஓடும் வாட்ச் மெஷினின் அளவு அச்சு அசலாக அதே அளவு. டயலோ டப்பாவுக்குள். ஒரு வாய் போல இன்னொரு வாய் இருக்காது என்று வாழ்நாளெல்லாம் ஓதிய மனிதர், பழைய அச்சிலேயே கூட்டை வார்த்தார். மெஷின் வெண்ணெய் மாதிரி உட்கார்ந்தது. அதற்கும் யாருக்கோ நன்றி சொல்லிவிட்டு டயலைப் பூட்டினார். மூன்று இருக்கவேண்டிய இடத்தில் பன்னிரண்டு நின்றது. வாட்ச் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது.

புது டயல் அடித்துத் தர ஆள் உண்டு. எண்களை நேராகப் போட்டுக்கொள்ளலாம், பழைய விரிசலைக்கூட வரைந்துவிடலாம். அரை நாள் இந்த யோசனையில் ஓடியது. டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டார்.

"பல்செட் பொருந்தலைன்னா வாயை மாத்துவீங்களா?"

கூட்டை உருக்கி முதலிலிருந்து செய்வதென்று முடிவாயிற்று. மூன்று வாரம் பிடிக்கும் என்று சொல்லத் தொலைபேசியை எடுப்பதற்குள், இந்தப் பக்கம் வந்தேன் என்று டிரைவரம்மா சீருடையோடு வாசலில் நிற்கிறார்.

மறைக்கத் தெரியாத மனிதர் எல்லாவற்றையும் ஒப்பித்தார். அந்த அம்மா வாட்சை இடது கையில் கட்டிக்கொண்டார். பிறகு துவைக்கும் அறை நடுவில் நின்று, இரண்டு கையையும் நீட்டி, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தார். சோப்புத்தூள் டப்பா ஒன்று உருண்டது.

"சார், என் பின்னாடி வந்து தோள் வழியா பாருங்க."

பார்த்தார். நீட்டிய கையில் டயலின் பன்னிரண்டு, விரல் பக்கமாக மேலே நிமிர்ந்திருந்தது. ஆறு கீழே. வாட்ச் நேராக இருந்தது.

"மத்த வாட்ச்ல மணி பாக்கணும்னா ஒண்ணு கையைத் திருப்பணும், இல்ல கழுத்தைத் திருப்பணும். வண்டில அம்பது பேர் இருக்காங்க. இதை அப்படியே குடுங்க."

தன் மனசு நோகக் கூடாது என்று சொல்கிறார் என்றே இவர் நினைத்தார், அதைச் சொல்லியும்விட்டார்.

"உங்க மனசுக்காக நான் வாட்ச் கட்டுவேனா சார்?" என்று கட்டிய வாட்சோடு அவர் கிளம்பிவிட்டார்.

சந்தேகம் தீரவில்லை. மறுநாள் பல்செட்காரர் அந்த அம்மாவின் பேருந்தில் ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் குறுக்காக இருந்த இருக்கையைப் பிடித்தார். ஆய்வகத்துக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் போனதில்லை. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால் அந்த அம்மாவின் கண்கள் கொஞ்சமாகத் தாழ்ந்தன. மணிக்கட்டு அசையவில்லை, கழுத்து அசையவில்லை. மூன்றாவது நிறுத்தத்தில் நிம்மதி வந்தது. ஏழாவதில் கண் கலங்க ஆரம்பிக்க, ஜன்னலைத் திறந்து தூசி உள்ளே வர வழி செய்துகொண்டார்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியபின் ஓட்டுநர் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். திட்டியவனுக்கும் துரத்தியவனுக்கும் சரளமாக நன்றி சொன்ன வாய்க்கு அன்று வார்த்தை வரவில்லை.

"வாரை ஒரு துளை தளர்த்திக் கட்டுங்கம்மா" என்றார்.

"இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"ஆமா" என்றார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே வாரை ஒரு துளை தளர்த்தினார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

பேருந்து திரும்பிப் புறப்பட்டபோது பல்செட்காரர் மறுபடியும் அதே இருக்கையில் உட்கார்ந்திருந்தார். வீடு அந்தப் பக்கம்தான் என்பது உண்மை. ஆனால் வீட்டு நிறுத்தம் வந்தபோது அவர் இறங்கவில்லை.