நான் மாற்றிய பேரிங்

என் மகள் செய்வது இசைதான் என்று ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் ஆயின. ஒப்புக்கொண்ட பிறகுதான் இந்தத் தவறைச் செய்தேன் என்பது இன்னும் மோசம்.

கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓடுகிற மோட்டாரின் உடம்பில் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்பது எங்கள் வழக்கம். உள்ளே தண்டைத் தாங்கும் பேரிங் சரியாகச் சுற்றுகிறதா, ரோட்டார் எங்காவது உரசுகிறதா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். மௌனமாக ஓடுவது நல்ல மோட்டார். சத்தம் போடுவது திருப்பி அனுப்பப்பட வேண்டியது. இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒரு வகை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

மகள் வெளிநாட்டில் ஒலியைப் பற்றிப் படித்துவிட்டுத் திரும்பி வந்தாள். பாட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. சாலை, தறி, தண்ணீர்த் தொட்டி, மின்கம்பி என்று கிடைத்த சத்தங்களைப் பதிவு செய்வாள். கம்ப்யூட்டரில் அவற்றை இழுத்து, அடுக்கி, மெதுவாக்கி வேறொன்றாக மாற்றுவாள். மேடையில் அதை நேரடியாகவே செய்வாள். கூடவே சுவரில் படங்கள் அசையும். எங்கள் சொந்தக்காரர்கள் யாராவது பொண்ணு என்ன பண்ணுதுங்க என்று கேட்டால், கம்ப்யூட்டரில் வேலை என்று சொல்லிவிடுவேன். அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஒருநாள் அவள் என்னைக் கார் ஷெட்டுக்குக் கூப்பிட்டாள். வீட்டில் புது மோட்டார் போட்ட பிறகு கழற்றி மூலையில் வைத்திருந்த அரைக் குதிரைசக்தி மோட்டாரை ஒரு பலகையில் போல்ட் போட்டு முடுக்கி வைத்திருந்தாள். காசு அளவுக்கு ஒரு மைக்கை அதன் முதுகில் ஒட்டி, ஹெட்போனை என் காதில் மாட்டி, சுவிட்சைப் போட்டாள்.

"இது உங்க ஸ்க்ரூடிரைவர்தானுங்கப்பா. சித்த நேரம் கேளுங்க" என்றாள்.

கேட்டேன். பேரிங் போயிருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தபோது அவள் சுவிட்சை அணைத்தாள். மின்சாரத்தின் ரீங்காரம் அறுந்து, மோட்டார் தன் வேகத்திலேயே சுற்றி அடங்கத் தொடங்கியது. தேய்ந்த பேரிங்கின் உறுமல் மெல்லத் தணிந்து, கரகரப்பாகி, பிறகு தனித்தனிக் கிளிக்குகளாக உடைந்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே தூரம் கூடிக்கொண்டே போய், கடைசியில் ஒன்று வருமா வராதா என்று காத்திருக்க வைத்தது. அது வந்தது. அதோடு நின்றது. நான் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் செய்வது இசை என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. அவளிடம் அதைச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கேபிள் சுற்றினாள். அவள் அம்மாவும் அப்படித்தான், சந்தோஷம் வந்தால் ஏதாவது வேலையில் இறங்கிவிடுவாள்.

அவளோடு சேர்ந்து வேலை செய்தவன் காங்கேயத்துப் பையன். பையன் என்கிறேன், முப்பது வயது இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் படித்தவன், வீட்டில் தேங்காய் எண்ணெய் ஆலை. மைக்கிலிருந்து வரும் மெல்லிய சத்தத்தைப் பெரிதாக்கும் சிறு பெட்டிகளை அவனே செய்வான். படம் காட்டுவதும் அவன்தான். அகலமான எவர்சில்வர் தாம்பாளத்தில் தண்ணீர் நிரப்பி ஒரு ஸ்பீக்கரின் மேல் வைப்பான். சத்தத்துக்குத் தகுந்தபடி தண்ணீரில் வளையங்களும் கட்டங்களும் எழும். மேலே தொங்கும் கேமரா அவற்றைச் சுவர் அளவுக்குக் காட்டும். அந்தக் கடைசிக் கிளிக்குகள் வரும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வளையம் தாம்பாளத்தின் நடுவே பிறந்து ஓரத்துக்குப் போய் மறையும். மொத்த நிகழ்ச்சியும் அந்த இடத்தை நோக்கித்தான் போனது. மோட்டாரை நிறுத்திய பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் அதன் உயிர்.

வெளியூர்களில் அவர்கள் செய்துகாட்டியிருந்தார்கள். நம்ம ஊரில் அதுதான் முதல் முறை. பீளமேட்டுப் பக்கம் மூடிய மில் ஒன்றின் பஞ்சு குடோனை இப்போது நிகழ்ச்சிகளுக்கு விடுகிறார்கள், அங்கே ஏற்பாடு.

அந்த வாரம் ஆனைமலையிலிருந்து என் மனைவியின் அண்ணன் வந்திருந்தார். தோட்டம் துரவு உள்ளவர், வாய் கொஞ்சம் நீளம். ஷெட்டில் ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது. காபியைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் கேட்டார்.

"ஏனுங் மாப்ள, ஊருக்கெல்லாம் மோட்டார் பாஸ் பண்ணி உட்டீங்க. உங்கூட்டு மோட்டார் இந்தக் கத்துக் கத்துது. இதைக் கேக்கவா நாங்க வண்டி கட்டிட்டு வரோணும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது. கம்பெனியில் என்னோடு வேலை பார்த்தவர்களையும் நிகழ்ச்சிக்கு அழைத்திருந்தேன். டெஸ்டிங்கில் இருந்தவன் வீட்டு மோட்டார், பேரிங் போய், மைக் வைத்துப் பெரிதாக்கி, அவர்கள் காதில் விழப்போகிறது.

மோட்டாரை குடோனுக்குக் கொண்டுபோகும் வேலையை நானாகவே கேட்டு வாங்கினேன். மகள் நம்பிக் கொடுத்தாள். குட்டி யானை என்கிற மினிலாரியில் ஏற்றிக்கொண்டு நேரே குடோனுக்குப் போயிருக்க வேண்டும். கணபதியில் எனக்குத் தெரிந்த, மோட்டார் ரிப்பேர் செய்யும் வைண்டிங் கடைக்கு வண்டியை விடச் சொன்னேன். இரண்டு பக்கமும் பேரிங் மாற்றினார்கள். நல்ல கம்பெனி பேரிங்காகப் பார்த்துப் போடச் சொன்னேன். ஓட்டிக் காட்டினார்கள், சத்தமே இல்லை. பேரிங் இறுகி நின்று மேடையில் வைண்டிங் புகைந்தால் என்ன ஆகும், பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தான் இது என்று வழியெல்லாம் எனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டு போனேன். அது உண்மை இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அந்தக் கிளிக்குகளைக் கேட்டுக் கண் கலங்கியவனும் நான்தான். ஒருவனுக்குள் இரண்டும் இருக்க முடியும் என்பதை நான் தெரிந்துகொண்டது அப்படி.

குடோனில் மைக்கை ஒட்டி ஓட்டிப் பார்த்ததும் மகளின் முகம் மாறியது. திரும்ப ஓட்டினாள், அணைத்தாள். ஒன்றும் வரவில்லை. அந்தப் பையன் அந்த வாரம்தான் தன் பெட்டியை மாற்றிச் செய்திருந்தான், இரைச்சல் குறைவாக இருக்கும் என்று. பெட்டியில்தான் கோளாறு என்று அவள் சொன்னாள். அவன் கேபிள்களை ஒவ்வொன்றாக மாற்றினான். மைக்கை மாற்றினான். பிறகு மோட்டாரின் பக்கத்தில் குந்தி, வெறும் காதை வைத்துக் கேட்டான். எழுந்து என்னிடம் வந்தான்.

"சார், மோட்டார்லயே என்னமோ மாறியிருக்குதுங். கொண்டு வரும்போது ஏதாச்சும் ஆச்சுங்களா?"

சரியாக அந்த நேரம் மச்சான் குடும்பத்தோடு உள்ளே நுழைந்தார். என் பழைய சகாக்கள் இரண்டு பேர் முன்வரிசையிலிருந்து கையாட்டினார்கள்.

"இல்லீங் தம்பி. இருந்தபடிக்கே கொண்டாந்தனுங்" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். மகள் அவனிடம், கோபமாகக்கூட இல்லை, களைத்துப்போய்ச் சொன்னாள்: "அப்பா மோட்டார் விசயத்துல பொய் சொல்ல மாட்டாரு. உன்ற பொட்டியப் பாரு."

நிகழ்ச்சி நடந்தது. முதல் பாதியில் பதிவு செய்த சத்தங்கள் இருந்ததால் சமாளித்தாள். ஒரு இடத்தில் தண்ணீரில் தேன்கூடு மாதிரிக் கட்டங்கள் எழுந்து சுவரெங்கும் நடுங்கியபோது, என் பின்னால் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. கடைசியில் அவள் மோட்டாரை அணைத்தாள். அது வழுவழுவென்று சுற்றி, ஒரு சத்தமும் இல்லாமல் நின்றது. சுவரில் அசையாத தண்ணீர், வெள்ளையாக ஒரு பெரிய வட்டம். அவள் குனிந்தபடி காத்துக்கொண்டிருந்தாள். வராது என்று அந்த இடத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். முடிந்துவிட்டது என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். மச்சான் என் தோளில் கைவைத்து, நின்னதே தெரியலீங் மாப்ள, அதுதான் மோட்டார் என்று பாராட்டினார். என் சகாக்களும் தலையாட்டினார்கள்.

சாமான்களைக் கட்டும்போது இருவருக்கும் பேச்சு முற்றியது. கேட்காமல் எதையும் மாற்றுகிறவனோடு தன்னால் வேலை செய்ய முடியாது என்று அவள் சொன்னாள். அவன் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். நான் ஸ்பீக்கரை வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அதன் பிறகு அவன் வரவில்லை. இரண்டு பேரையும் சேர்த்து அழைத்திருந்த ஒரு வெளியூர் நிகழ்ச்சியை மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஷெட்டுக்கும் போவதில்லை. எதில் தப்பு என்று தெரியாமல் அடுத்ததை எப்படிச் செய்வது என்று ஒருமுறை அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். தினமும் அப்படி ஒரு வாய்ப்பு வந்தது. தினமும் அது நேற்றைவிடக் கடினமாகியிருந்தது.

கடைசியில் சிங்காநல்லூரில் பஸ் ஏறிக் காங்கேயம் போனேன். அப்போதும் உண்மையைச் சொல்லப் போகவில்லை. எங்க அம்மணி வருத்தத்தில் இருக்கிறது, பெரியவன் நான் கேட்டுக்கொள்கிறேன், திரும்ப வந்து வேலை பாருங்கள் என்று சமாதானம் பேசி அழைத்து வருவதுதான் திட்டம். யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை என்று நினைத்தேன்.

ஆலை ஓடிக்கொண்டிருந்தது. களத்தில் கொப்பரை காய்ந்தது. அவன் அப்பா என்னை உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார். மகன் அலுவலக மேசையில் இருந்தான். அவன் முன்னால் அந்தப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளிருந்த சர்க்யூட் பலகையில் ஈயம் பற்றவைத்த இடங்கள் பலமுறை பிரித்துப் பிரித்து மீண்டும் பற்றவைத்துக் கருத்துப்போயிருந்தன.

"எத்தனை தடவை பாத்தும் கோளாறு கெடைக்கலீங் சார்" என்றான். "ஆனா எங்கியோ இருக்குதுங். இல்லாம அப்படிப் போகாது. கண்டுபிடிச்சிட்டு நானே வந்து சொல்லலாம்னு இருந்தேன்."

நான் கொண்டுவந்திருந்த சமாதானப் பேச்சை அங்கேயே விட்டேன். கோளாறே இல்லாத ஒன்றில் இத்தனை நாள் ஒருவன் கோளாறு தேடியிருக்கிறான்.

"பேரிங்க நான் மாத்திப்போட்டனுங் தம்பி. கொண்டு வர்ற வழியில. நீங்க கேட்டப்ப பொய் சொன்னேன்."

அவன் பற்றவைக்கும் கோலை ஸ்டாண்டில் வைத்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவன் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத உங்க அம்மணிகிட்டச் சொல்லிட்டீங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப எங்கிட்ட எதுக்குங் மொதல்ல வந்தீங்க?"

அதற்கு உண்மையான பதில், நீ எனக்கு யாரோ, அவள் என் மகள் என்பதுதான்.  போனை எடுத்து மகளைக் கூப்பிட்டேன். ஹலோ என்றாள். எப்படித் தொடங்குவது என்று நான் தடுமாறிய நேரத்தில் ஆலையின் சத்தம் போனுக்குள் போயிருக்கிறது. எப்போதோ ஒருமுறை அங்கே போய் அந்த மெஷினைப் பதிவு செய்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது.

"ஏனுங்கப்பா, காங்கேயத்துல என்ன பண்றீங்க?"

சொன்னேன். கடையில் நிறுத்தியது, பேரிங் போட்டது, மச்சான் சிரித்தது, பொய், எல்லாவற்றையும். பாதுகாப்பு என்ற பேச்சை எடுக்கவில்லை.  

"போனை அவங்கிட்டக் குடுங்க" என்றாள்.

கொடுத்துவிட்டுக் களத்துக்கு வந்து நின்றேன். வெயில் கொப்பரையின் மேல் எண்ணெயாக மினுங்கியது. உள்ளே அவன் பேசுவது கேட்கவில்லை. அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் முதுகு மட்டும் தெரிந்தது. ஒருமுறை அவன் கையால் கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது, வியர்வையாகவும் இருக்கலாம்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்து போனைத் திருப்பித் தந்தான்.

"அம்மணி பழைய பேரிங் இருக்குதான்னு கேக்குதுங்."

கழற்றியதும் பழைய இரும்போடு போட்டுவிட்டார்கள், திரும்பப் போய்க் கேட்டும் பார்த்துவிட்டேன், இல்லை என்று சொன்னேன். அவன் தலையாட்டினான். பதிவு செய்து வைத்ததைப் போடலாமே, தேய்ந்த வேறொரு பேரிங்கை மாட்டலாமே என்று கேட்டேன். அதெல்லாம் வேறங்க, இந்த மோட்டார்லயே தேஞ்சு ஆளுங்க முன்னால சுத்தி அடங்கோணும் என்றான். பிறகு, எனக்குச் சொல்வதுபோல இல்லாமல், "அப்ப இது தேயற வரைக்கும் ஓட்டோணும்" என்றான்.

நல்ல பேரிங் தேயப் பல வருடங்கள் ஆகும். எனக்குத் தெரியும். நல்லதாகப் பார்த்துப் போடச் சொன்னவன் நான்தான்.