தொப்பியும் முக்காடும்

மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபின், செட்டிபாளையத்து வீட்டில் எனக்குத் துணையாக மிஞ்சியது தலைமுடிதான். அதுவும் உதிரத் தொடங்கியது. லீவில் வருகிறவள் முன் வழுக்கையனாக நிற்பதா என்று பயந்து, வீடியோ அழைப்புகளில் தொப்பியோடே பேசினேன். பேஸ்புக் விளம்பரம் பார்த்து, முடி வளர்க்கும் எண்ணெய் வாங்கித் தேய்த்தேன்.

மறுநாள் காலை முடி வளரவில்லை, முகம் வளர்ந்திருந்தது. கண்கள் வீங்கி மூடிவிட்டன. கூப்பிட வீட்டில் ஆளில்லை. சுவரைத் தடவித் தடவித் தெருவுக்கு வந்து, ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"இன்னும் பிந்தியிருந்தா மூச்சடைச்சிருக்கும். ஆரைக் கேட்டுப் பூசினீங்க?" என்றார் டொக்டர்.

"பேஸ்புக்கைத்தான், டொக்டர்."

ஊசி போட்டபின் கண் திறந்தது. ஆனால், அன்று மனைவி அழைத்தபோது வீங்கிய தலை தொப்பிக்குள் நுழையவில்லை. பதறிப்போனவள் கதையைக் கேட்டுவிட்டு, அழைப்புகளில் ஒருநாளும் கழற்றாத தன் முக்காட்டை மெல்ல எடுத்தாள். உச்சியில் தோல் தெரிந்தது.

"இஞ்சேருங்க, எனக்கும் கொட்டிட்டு. பகிடி பண்ணுவீங்க எண்டுதான் மறைச்சனான்."

ஊரையே பகிடி பண்ணிச் சிரிக்கும் நான், அன்று தலையைக் குனிந்து என் உச்சியையும் அவளுக்குக் காட்டினேன்.

இப்போது டொக்டரைக் கேளாமல் தலையில் எதையும் பூசுவதில்லை. அழைப்பு வந்தால் முதலில் தொப்பியைக் கழற்றுகிறேன். அங்கே அவளும் முக்காட்டை எடுக்கிறாள்.