கஸ்பர் மூடிய இடைவெளி

கலியாண ஆல்பம் செய்கிற கஸ்பரின் கண்ணுக்கு, குழுப்படத்தில் ஆட்களுக்கு நடுவே சுவர் தெரிந்தால் அது குறை. முகம் கொடுத்துப் பேசாத மாமனும் மச்சானும் ஆளுக்கொரு மூலையில் நின்றிருந்தாலும், கணினியில் இழுத்துத் தோளோடு தோள் சேர்த்துவிடுவார். லண்டன் தமிழ்க் குடும்பங்களில் பாதிச் சமாதானம் அவர் கைவேலைதான்.

இந்த வாரம் அவருக்கு நித்திரையில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் அனோஜினியைப் பெண் கேட்டு, அவள் விரும்புகிற டெனுசனின் வீட்டார் வருகிறார்கள். தேத்தண்ணி ஆறுமுன் "ஊரில எவடம், எந்தக் கோயில்?" என்பார்கள். அது சாதியை விசாரிக்கிற கேள்வி என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமலே வளரட்டும் என்றுதான் கஸ்பர் இவ்வளவு காலமும் வாய் திறக்கவில்லை.

அந்தக் கலக்கத்தோடுதான் மகள் தந்த வேலையைச் செய்தார். அவள் வேலை செய்யும் கண்காட்சிக் கூடத்துக்கு அமெரிக்கத் தென்பகுதிப் பஞ்சாலையொன்றின் பழைய படங்கள் வந்திருந்தன. கீறலும் கறையும் நீக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு படத்தில் வெள்ளைத் தொழிலாளர் வாசற்படியில் நின்றார்கள். கறுப்புத் தொழிலாளர் தள்ளி, வெறுந்தரையில். நடுவே நாலு பேர் நிற்கக்கூடிய வெறுஞ்சுவர். கஸ்பர் கீறலோடு சுவரையும் எடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை பின்னேரம் அனோஜினி வீட்டுக்குள் வந்து, கோட்டைக் கழற்றாமலே படத்தை மேசையில் போட்டாள். கூடத்தில் நல்ல பேச்சு வாங்கியிருந்தாள்.

"ஏனப்பா இப்பிடிச் செய்தனீங்கள்? அந்த இடைவெளியைக் காட்டத்தானே இந்தக் கண்காட்சியே."

"விலகி நிண்டால் படம் வடிவில்லை, பிள்ளை."

"அவை விலகி நிக்கேல்லை. விலத்தி நிப்பாட்டினவங்கள். உங்களுக்கு உது விளங்காது."

விளங்காது என்றது கஸ்பரைச் சுட்டுவிட்டது. எழும்பிப்போய் அலுமாரியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்துவந்தார். உள்ளே இருந்தது, வீட்டு ஹோலில் எல்லாரும் நெருங்கி நிற்பதாய்த் தொங்குகிற அதே படம், சின்ன வயதில் மாதா கோயிலில் முதல்நன்மை வாங்கிய அன்று எடுத்தது, ஆனால் அவர் கைபடாதது. அங்கி போட்ட பங்குச் சுவாமியாரைச் சுற்றி ஒன்பது பிள்ளைகள். கஸ்பரும் இன்னும் இரண்டு பேரும் தள்ளி, மதிலோரமாய்.

"எங்கட ஆக்கள் சாதி குறைவெண்டு கோயிலிலயும் இருக்கிறதுக்குக் கடைசி வாங்குதான். சுவாமியாரும் ஒண்டும் சொல்லேல்லை."

ஐம்பது வருடமாகியும் அந்த அவமானம் ஆறவில்லை. மகளின் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

அனோஜினி படத்தை எடுத்து, மதிலோரம் நின்ற மூவரையும் விரலால் தொட்டாள்.

"இதை ஹோலில மாட்டுங்கோ. ஞாயிற்றுக்கிழமை வாறவை பாக்கட்டும்."

"பாத்திட்டுத் திரும்பிப் போனால்?"

"போகட்டும்" என்றாள். சொன்ன கையோடு கைபேசியை எடுத்து, டெனுசனின் பெயர்வரை போய், அழைக்கத் துணிவு வராமல் மேசையில் கவிழ்த்து வைத்தாள்.